காரணம் கேட்காத தாள்

திங்கள் காலை ஜூரி கூடவேண்டும்.
வெள்ளி மாலை நாலேகாலுக்கு வந்து
வெர்லீன் ஸ்டேமி வழக்கை வாபஸ் வாங்கினாள்.
ஒரே தாள். நாலு வரி.
காரணம் எழுத அதில் இடம் கிடையாது.
நீதிபதியின் கையெழுத்தும் வேண்டாம்.
மூன்று வருஷம் கட்டுக்கட்டாய் வளர்ந்தது
அந்த ஒரு தாளுக்கடியில் அடங்கியது.

இந்த மலைக் கவுண்டியின் கோர்ட் குமாஸ்தா நான்.
முத்திரை என்னுடையது, தீர்ப்பு அல்ல.
இருந்தாலும் காரணம் தெரியும் எனக்கு,
இங்கே மளிகைக்கடை ஒன்றுதான்.
அவள் கிணற்று நீரைச் சோதித்த நிபுணர்
வியாழன் இரவு பக்கவாதத்தில் விழுந்தார்.
சாட்சி சொல்லவேண்டிய வாய்
ஒரு பக்கமாய்க் கோணிவிட்டது.

"தள்ளுபடியாமே?" என்றது ஊர்.
தள்ளுபடி
கடைக்காரன் தருவது, இல்லையென்றால் நீதிபதி தருவது.
இது வேறு.
போட்டவளே எடுத்துக்கொண்டாள்.
அடுப்பை அணைத்திருக்கிறாள்,
பானையைக் கவிழ்க்கவில்லை.
மறுபடி பற்றவைக்கலாம்
ஒரு வருஷத்துக்குள்.
ஒரே ஒரு முறை.

மேட்டில் டீசல் தொட்டியைப் புதைத்த ஹாய்ட் கிரிஸ்ப்
ஜெயித்ததாகவே நினைத்தார்.
அன்றிரவு அவர் வீட்டுப் பின்புறத்திலிருந்து
துப்பாக்கி இரண்டு முறை வானத்தைச் சுட்டது.
அவருடைய வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை.
அடுத்த வருஷ நாட்காட்டியை எடுத்து
ஒரு தேதியை வட்டமிட்டார்.

நான்காம் சான்று: மூடியிட்ட கண்ணாடி ஜாடி.
வழக்கு இல்லாத இடத்தில் சான்றுக்கு என்ன வேலை?
கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்.
இரு கையாலும் ஏந்திப் போனாள்,
சிந்தினால் மூன்று வருஷமும் சிந்திவிடும் என்பதுபோல.

அப்புறம் நாட்கள்.
காலையில் பள்ளிப் பேருந்து, எண் பத்தொன்பது.
மாலையில் பாப்டிஸ்ட் சர்ச்சின் வெளிக்குழாயில்
ஆறு கேன் தண்ணீர்.
ஜனவரியில் குழாய் உறைந்துபோய்
வெயில் வரும்வரை
வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருந்ததைப்
பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அக்டோபரில் டிராக்டர் கவிழ்ந்து
ஹாய்ட் இறந்துபோனார்.
துக்க வீட்டுக்கு வெர்லீன்
ஒரு தட்டு மக்ரோனி அனுப்பினாள்,
சர்ச் தண்ணீரில் வேகவைத்தது.

இனி விட்டுவிடுவாள் என்றார்கள்.
செத்தவன்மேல் எதற்கு வழக்கு?
நானும்தான் அப்படி நினைத்தேன், மறைப்பானேன்.

முந்நூற்று அறுபத்திரண்டாம் நாள் வந்தாள்.
பழைய வழக்கின் செலவைக் கட்டாமல்
புதியது நகராது என்றேன்.
முந்நூற்று எண்பத்தாறு டாலர்,
ரப்பர் வளையம் போட்ட ஐந்தும் பத்தும்.
மனுவில் எல்லாம் சரி,
பிரதிவாதியின் பெயர் மட்டும் மாறவேண்டும்.
செத்தவர் சொத்தை நிர்வகிப்பவர்:
லூரீன் கிரிஸ்ப்.

பேனா நின்றது.
ஒன்பது வருஷம் அவளுடைய பஸ்ஸில் வந்தவள் லூரீன்.
டிரைவர் இருக்கைக்குப் பின்னாலேயே உட்காருவாள்,
வளைவுகளில் வாந்தி வரும் என்று.

தாளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.
வண்டி கிளம்பவில்லை. ஜன்னலில் தெரிந்தது.
ஐந்து மணிக்குப் பூட்டவேண்டும்.
நாலு ஐம்பதுவரை
பூட்டுச் சாவியை நான் தேடவில்லை.

திரும்பி வந்தாள். பெயர் எழுதியிருந்தது.
கூடவே ஜாடி.
மேலே மெல்லிய வானவில் படலம்
ஒரு வருஷத் தூக்கத்தில் அசையாமல் கிடந்தது.
முத்திரை இறங்க, மேசை அதிர,
வண்ணங்கள் மெல்ல நகரத் தொடங்கின.
புது எண் கொடுத்தேன்.

"இந்த முறை வாபஸ் வாங்கினால்
திரும்பி வர வழியில்லை, தெரியுமா?"
தலையசைத்தாள்.
"நோட்டீஸை ஷெரிப் ஆபீஸ் எத்தனை மணிக்குக் கொண்டுபோகும்?"
காலையில்தான் வழக்கம், ஏழு, ஏழரை.
"ஏழேகாலுக்கு வேண்டாம்.
அந்த வாசலில்
அவள் பையனை நான் ஏற்றும் நேரம்."

உறையின் மூலையில்
பென்சிலால் குறித்துவைத்தேன்.